எதிரீர்ப்பு: ஓர் ஆங்கிலச் சொல்லும் அதன் ஆட்சியும்

மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றார்க்குமான மொழிப்பாடம்

ஒரு மொழியிலுள்ள சொல்லை மற்றொரு மொழியில் எடுத்துரைக்க முயலும்போதே அச்சொல்லின் உட்பொருள் முழுமையாகப் புலப்படுகின்றது. அகராதியைத் திறந்து நேர்ச்சொல் ஒன்றைக் கண்டவுடன் வேலை முடிந்துவிட்டதென எண்ணுவோர் சொல்லின் தோலைத் தொட்டவரேயன்றிச் சுளையைச் சுவைத்தவர் ஆகார். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியுமாக வளரும் எமது மாணவர்க்கு இத்தகைய சொல்லாய்வு இரு மொழிகளிலும் பயன் தருவதாகும்.

இம்மலருக்கென நாம் எடுத்துக்கொண்ட சொல் கவுண்டர் அட்ராக்சன் என்பது. பெற்றார் கூட்டங்களில் இச்சொல் அடிக்கடி ஒலிக்கின்றது. பிள்ளைகளின் வரவு குறைவதற்குக் காரணம் கவுண்டர் அட்ராக்சன்கள் பெருகிவிட்டமையே என ஒருவர் கூறினால் மற்றையோர் தலையசைக்கின்றனர். உதைபந்தாட்டம், நீச்சல், பிறந்தநாள் விழா, கைத்தொலைபேசி ஆகியன வரிசையாகக் குற்றஞ்சாட்டப்படுகின்றன. ஆயின் அச்சொல் உண்மையில் எதனைச் சுட்டுகின்றது? அதனைச் சரிவர அறிந்தால், குற்றஞ்சாட்டும் விரல் வேறொரு திசைக்குத் திரும்பக்கூடும்.

சொல்லின் அமைப்பு

இஃது இரண்டு உறுப்புகள் சேர்ந்த தொடர்ச்சொல். முன்னுறுப்பாகிய கவுண்டர் என்பது 'எதிராக' எனப் பொருள்படும் கொன்ரா என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. கடைகளில் நாம் பணம் செலுத்தும் மேசைக்கும் கவுண்டர் என்றே பெயர். எனினும் அது வேறு சொல். எண்ணுதல், கணக்கிடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து அது பிறந்தது. எழுத்து ஒன்றாயினும் பிறப்பு வேறு என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

பின்னுறுப்பாகிய அட்ராக்சன் என்பது 'இழுத்தல்' எனப் பொருள்படும் திராஹெரே என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது. 'அத்' என்னும் முன்னொட்டு 'நோக்கி' எனப் பொருள்படும். எனவே தன்னை நோக்கி இழுப்பது அட்ராக்சன். இதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. கலப்பையை இழுப்பது ட்ராக்டர். கீழிருந்து எடுத்துக் கழிப்பது சப்ட்ராக்சன். வெளியே இழுத்தெடுப்பது எக்ஸ்ட்ராக்சன். மனத்தைப் பல திசைகளில் இழுத்துச் சிதறச் செய்வது டிஸ்ட்ராக்சன். உழவு இயந்திரமும் கழித்தற் கணக்கும் கவனச்சிதறலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது வியப்புக்குரியதன்றோ!

ஒலிக்கும்போது பின்னுறுப்பின் நடுவசையாகிய 'ட்ராக்' என்பதற்கே அழுத்தம் மிகுதியாகக் கொடுக்கப்படும். பிரித்தானிய வழக்கில் இரு உறுப்புகளுக்கும் இடையே சிறுகோடு இடுவது பெரும்பான்மை. அமெரிக்க அகராதிகள் இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகின்றன.

பொருளும் வேறுபாடும்

ஏற்கெனவே மக்களைத் தன்பால் இழுத்துக்கொண்டிருக்கும் ஒன்றிலிருந்து அவர்களை மறுபுறம் இழுக்கும் மற்றோர் ஈர்ப்பு: இதுவே இச்சொல்லின் வரையறை. இவ்வரையறையில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. முதலாவது, முன்னரே ஓர் ஈர்ப்பு இருத்தல் வேண்டும். தனித்து நிற்கும் ஒன்றை இச்சொல்லால் அழைத்தல் பொருந்தாது. இரண்டாவது, இரண்டும் ஒரே மக்களை, ஒரே பொழுதை, அல்லது ஒரே பணத்தை நாடுவனவாதல் வேண்டும். மூன்றாவது, பின்வந்ததும் இழுக்கும் ஆற்றல் உடையதாதல் வேண்டும். தடுப்பதும் தண்டிப்பதும் அட்ராக்சன் ஆகா.

நம் ஊர்க் கோயில் திருவிழாவை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். மேற்கு வீதியில் தவில், நாதசுரக் கச்சேரி நிகழ்கின்றது, சனம் சூழ்ந்திருக்கின்றது. கிழக்கு வீதியில் பாட்டுக்கோஷ்டி தொடங்கியதும் இளைஞர் கூட்டம் மெல்ல எழுந்து அப்புறம் நகர்கின்றது. பாட்டுக்கோஷ்டி கச்சேரியைத் தடுக்கவில்லை, வைக்கவுமில்லை. தான் இருக்கும் இடத்திலிருந்து இழுத்தது; அவ்வளவே.

நெருங்கிய சொற்களோடு இதனை மயங்குதல் ஆகாது. ரைவல் என்பது பெரும்பாலும் போட்டியாளரைக் குறிக்கும். ஓல்டர்நேட்டிவ் என்பது மாற்றுவழி. அதில் கவரும் தன்மை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மருந்துக்கு மாற்று மருந்து உண்டு; அதனைக் கவுண்டர் அட்ராக்சன் என எவரும் கூறார். டிஸ்ட்ராக்சன் என்பது கவனத்தைக் கலைப்பது. வகுப்பறைச் சாளரத்தில் வந்தமரும் புறா டிஸ்ட்ராக்சன்; அதே நேரத்தில் அடுத்த தெருவில் நிகழும் உதைபந்தாட்டம் கவுண்டர் அட்ராக்சன். முன்னது இருந்த இடத்திலேயே மனத்தைச் சிதறச் செய்கின்றது. பின்னது ஆளையே பெயர்த்துச் செல்கின்றது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் மற்றொரு மயக்கத்தையும் தவிர்த்தல் வேண்டும். ஈர்ப்புக்கு எதிர் விலக்கல் என அவர்கள் காந்தப் பாடத்திற் கற்றிருப்பர். ஈண்டு பேசப்படுவது விலக்கல் அன்று. கடலின் வற்றுப்பெருக்கை எடுத்துக்கொள்க. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் பெருக்கு மிகுகின்றது. அட்டமியை அண்மித்த நாள்களில் இரண்டும் செங்கோணத்தில் நின்று இழுக்கின்றன. கடலை ஏற்றும் திறனில் ஞாயிறு திங்களின் பாதியளவுக்கும் குறைந்ததே. ஆயினும் அதன் இழுவை குறுக்கிடுவதால் பெருக்கு குன்றுகின்றது. ஞாயிறு கடலைத் தள்ளவில்லை. வேறு புறமாக இழுக்கின்றது. இழுவைக்கு எதிர் இழுவை என்பதே இச்சொல்லின் கருத்து.

வழக்காறு

இச்சொல் பெயர்ச்சொல், எண்ணத்தக்கது, பன்மை விகுதி ஏற்கும். வினையாக வழங்குதல் அரிது. எதிலிருந்து இழுக்கின்றதோ அதனைச் சுட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'டு' என்னும் முன்னிடைச்சொல் இதன்பின் வரும். தமிழில் அவ்விடத்து நான்காம் வேற்றுமை வருதல் இயல்பு: 'மதுச்சாலைக்கு எதிரான ஈர்ப்பாக வாசிகசாலை அமைக்கப்பட்டது' என்பது போல. அமைத்தல், வழங்குதல், ஏற்படுத்துதல் ஆகிய வினைகள் இதனோடு இயைந்து வரும். பேச்சு வழக்கில் இச்சொல் மிகுதியாக இல்லை. செய்தித்தாள், வரலாற்று நூல், குழு அறிக்கை ஆகியவற்றிலேயே பெரிதும் காணப்படும்.

ஒரு நுட்பம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. எது முதல் ஈர்ப்பு, எது எதிர் ஈர்ப்பு என்பது பேசுவோன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கச்சேரி நடத்துவோர்க்குப் பாட்டுக்கோஷ்டி எதிர் ஈர்ப்பு. பாட்டுக்கோஷ்டிக்காகவே வந்தவர்க்கோ கச்சேரிதான் எதிர் ஈர்ப்பு. இதனை மறவாது மேற்செல்வோம்.

இங்கிலாந்தில் இச்சொல் ஆற்றிய பணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுவிலக்கு இயக்கத்தாரிடத்தே இச்சொல்லும் இதன் கருத்தும் பெருவழக்குப் பெற்றன. அக்காலத் தொழிலாளிக்கு மதுச்சாலை குடிக்கும் இடம் மட்டும் அன்று. குளிருக்கு நெருப்பும் வெளிச்சமும் நண்பர் கூட்டமும் பாட்டும் செய்தித்தாளும் அங்கேயே இருந்தன. அவனது வீடோ இருளும் ஈரமும் நெருக்கடியும் நிறைந்தது. குடியாதே என்று மேடையில் முழங்குவோர், குடியாதவன் மாலைப்பொழுதில் எங்கே போவான் என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டியிருந்தது.

1834 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் குடிப்பழக்கம் குறித்து ஆராயக் குழுவொன்றை நியமித்தது. ஷெஃபீல்ட் உறுப்பினராகிய ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம் அதன் தலைவர். பொதுப் பூங்காக்கள், வாசிகசாலைகள், நூலகங்கள், அரும்பொருட்காட்சிச் சாலைகள் ஆகியன அமைக்கப்படல் வேண்டும் என்பதும் அக்குழுவின் பரிந்துரைகளில் அடங்கும். 1850 இல் வில்லியம் யூவர்ட் என்பாரின் முயற்சியால் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபோதும், நூலகம் மக்களை மதுச்சாலையிலிருந்து மீட்கும் என்பது ஆதரித்தோர் கூறிய நியாயங்களுள் ஒன்று. இன்று எமது பிள்ளைகள் இலவசமாக நூல் பெற்றுவரும் நூலகத்தின் அடிக்கல்லில் இச்சொல்லின் நிழல் விழுந்துள்ளது.

பிரயாண ஒழுங்குகளுக்குப் பெயர்பெற்ற தோமஸ் குக் மதுவிலக்குத் தொண்டராகவே தம் பணியைத் தொடங்கினார். 1841 ஜூலை 5 ஆம் நாள் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நிகழ்ந்த மதுவிலக்குக் கூட்டத்திற்கு ஏறத்தாழ 500 பேரைத் தனிப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். 1843 இல் லெஸ்டர் குதிரைப் பந்தயக் காலத்தில், பிள்ளைகள் பந்தயத் திடலுக்குச் செல்லாதிருக்கும் பொருட்டு அவர்களை டார்பி நகருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார். பந்தயத்துக்குப் போகாதே என்னும் கட்டளையினும் புகையிரதத்தில் ஏறு என்னும் அழைப்பு பிள்ளைகளுக்கு இனித்திருக்கும்.

எல்லா முயற்சிகளும் வென்றுவிடவில்லை. 1870 களிலும் 1880 களிலும் மதுச்சாலைக்கு மாற்றாகக் கோப்பிச்சாலைகள் பல நகரங்களில் எழுந்தன. அவற்றுட் பல நெடுங்காலம் நிலைக்கவில்லை. கோப்பி நன்றாக இல்லை என்பது அக்காலத்திலேயே எழுந்த முறைப்பாடு. நல்ல நோக்கம் கெட்ட கோப்பியை நல்ல கோப்பி ஆக்குவதில்லை. உபதேசம் கேட்க வந்தவர் எவருமிலர்; குடிக்க வந்தவரே மிகுதி.

வென்ற முயற்சிகளுள் ஒன்று இலண்டன் வாட்டர்லூ பகுதியில் இன்றும் நிற்கின்றது. 1818 இல் திறக்கப்பட்ட நாடக அரங்கொன்றை 1880 இல் எம்மா கொன்ஸ் என்னும் அம்மையார் பொறுப்பேற்று, மதுவிற்பனை இல்லாத கோப்பி, இசை மண்டபமாகத் திறந்தார். பண நட்டத்திற்கு அவர் அஞ்சவில்லை. சிறுகட்டணத்தில் விஞ்ஞான விரிவுரைகளும் அங்கு நிகழ்ந்தன. அவ்விரிவுரைகளிலிருந்தே உழைக்கும் ஆண் பெண் இருபாலார்க்குமான மோர்லி கல்லூரி 1889 இல் உருவாயிற்று. மண்டபமோ அவர்தம் மருமகள் லிலியன் பேலிஸ் காலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் உறைவிடமாகி, ஓல்ட் விக் என்னும் பெயரால் உலகப்புகழ் பெற்றது. எதிர் ஈர்ப்பாகத் தொடங்கிய ஒன்று, எதற்கு எதிராகத் தொடங்கிற்றென்பதே மறக்கப்படும் அளவுக்குத் தன்னளவிற் பெரியதாயிற்று.

யாழ்ப்பாணத்தில்

இச்சொல்லைக் கையாளாமலே இக்கருத்தைச் செயற்படுத்தியவர் எம்மிடையேயும் இருந்தனர். ஆறுமுக நாவலர் வாழ்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை மிசன் பாடசாலைகள் ஈர்த்தன. ஆங்கிலமும் அச்சிட்ட நூலும் உத்தியோக வாய்ப்பும் அங்கு இருந்தன. அவற்றை வைது மட்டும் நின்றிருந்தால் நாவலரை இன்று எவரும் நினையார். அவர் 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார், 1848 இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடம் அமைத்தார், பிள்ளைகள் படிக்கத்தக்க பாலபாடங்களை எளிய வசனநடையில் எழுதி அச்சிட்டார். எதிர்த்தரப்பாரிடம் இருந்த வகுப்பு முறையையும் பிரசங்க முறையையும் அச்சையும் தாமும் கைக்கொண்டார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றிய அவருக்கு அவற்றின் வலிமை நன்கு தெரியும். எதிரில் இருப்பதன் கவர்ச்சி யாது என்று அறிந்தவரே எதிர் ஈர்ப்பை ஏற்படுத்த வல்லவர்.

தமிழில் எவ்வாறு சொல்வது?

போட்டிக் கவர்ச்சி, எதிர்க்கவர்ச்சி, மாற்றீர்ப்பு, எதிரீர்ப்பு என நான்கு வடிவங்களை நாம் எண்ணிப் பார்க்கலாம். கவர்தல் என்பது பழஞ்சொல். கைப்பற்றுதல், எடுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளில் வள்ளுவர் இனியவைகூறல் அதிகாரத்தில் அதனை ஆண்டுள்ளார். ஆயினும் கவர்ச்சி என்னும் சொல்லைத் திரைப்படச் சுவரொட்டிகள் வேறு பொருளுக்கு இழுத்துச் சென்றுவிட்டன. மாற்றீர்ப்பு என்பதில் போட்டியின் சாயல் குறைவு. எனவே எதிரீர்ப்பு என்பதையே நாம் தேர்கின்றோம். எதிர், ஒலி ஆகிய இரண்டும் சேர்ந்து எதிரொலி ஆவதுபோல, எதிர், ஈர்ப்பு ஆகியன மெய்யீற்றின்மேல் உயிர் ஏறி எதிரீர்ப்பு என இயல்பாகப் புணரும்.

தமிழில் எதிர் என்பது பகைமையை மட்டும் குறிப்பதன்று. எதிர்வீட்டார் பகைவர் அல்லர். விருந்தினரை எதிர்கொண்டு அழைக்கின்றோம். எதிர்பார்த்தல் அன்பின் செயல். நம்மை நோக்கி வரும் காலத்துக்கு எதிர்காலம் என்றே பெயரிட்டோம். ஆங்கிலச் சொல்லில் இல்லாத இம்மென்மை தமிழ்ச் சொல்லுக்கு உண்டு.

எமது பாடசாலையும் எதிரீர்ப்பும்

முன்னர் மறவற்க எனக் கூறிய நுட்பத்திற்கு இப்பொழுது வருவோம். உதைபந்தாட்டத்தை நாம் தமிழ்ப் பாடசாலைக்கு எதிரீர்ப்பு என்கின்றோம். எங்கே நின்று அவ்வாறு கூறுகின்றோம்? எமது இடத்தில் நின்று. இந்நாட்டிற் பிறந்த பத்து வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால், வாரம் முழுவதும் ஆங்கிலப் பாடசாலையிற் பயின்று சனிக்கிழமை காலையில் தோழரோடு ஆட விரும்பும் அப்பிள்ளைக்கு ஆட்டமே முதல் ஈர்ப்பு. எதிர்ப்புறம் நின்று இழுக்க வேண்டியது தமிழ் வகுப்பே. சொல்லின் இலக்கணப்படி எதிரீர்ப்பு உதைபந்தாட்டம் அன்று, நாமே.

ஊரில் நாம் ஆசிரியராய் இருந்த நாள்களில் இவ்வினா எழுந்ததில்லை. அங்கே தமிழ் எவரையும் ஈர்க்க வேண்டியிருக்கவில்லை. அது காற்றைப்போல எங்கும் இருந்தது. காற்றுக்கு விளம்பரம் தேவையில்லை. நாட்டை விட்டு ஏதிலியராய் வந்தபோது நாம் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. இன்று தமிழ் பல வாய்ப்புகளுள் ஒரு வாய்ப்பாகப் பிள்ளையின் முன் நிற்கின்றது. உன் தாய்மொழி ஆதலாற் படி என்பது கட்டளை. கட்டளை ஈர்ப்பு ஆகாது. சில ஆண்டுகள் அது பிள்ளையைக் கதிரையில் இருத்தும். பதினான்கு வயதில் பிள்ளை எழுந்து போய்விடும். மேல்வகுப்புகளில் வெறுமையாகும் கதிரைகளை நாம் ஆண்டுதோறும் எண்ணிவருகின்றோம்.

பெற்றாரிடத்தும் ஒரு வார்த்தை. உதைபந்தாட்டத்தைக் குறைகூறும் நாம், உயர்நிலைப் பாடசாலை நுழைவுத் தேர்வுக்கான தனிவகுப்பு வந்தவுடன் தமிழ் வகுப்பை முதலில் நிறுத்துகின்றோம். அது பிள்ளையின் எதிரீர்ப்பு அன்று; எமது எதிரீர்ப்பு. தேர்வு முக்கியமானதே. ஆனால் எதனை முதலிற் கைவிடுகின்றோம் என்பதிலிருந்தே எதனைக் குறைவாக மதிக்கின்றோம் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கின்றது.

வரலாறு எமக்குத் தரும் பாடம் தெளிவானது. எதிரில் உள்ளதன் கவர்ச்சியை மதித்து அறிதல் வேண்டும். எமது கோப்பி நல்லதாய் இருத்தல் வேண்டும். அதாவது நோக்கத்தின் உயர்வைக் காட்டிப் பாடத்தின் சுவையின்மையை மறைத்தல் ஆகாது. எதிரில் உள்ளதனால் தரமுடியாத ஒன்றை நாம் தருதல் வேண்டும். சென்ற ஆண்டு மேல்வகுப்பில், பிள்ளைகள் பார்த்த உதைபந்தாட்டம் ஒன்றைத் தமிழில் நேர்முக வருணனை செய்யச் சொன்னோம். ஓஃப்சைட் என்பதைத் தமிழில் எவ்வாறு கூறுவதென மூவர் வாதிட்டனர். 'முந்திநிற்றல்' என்றாள் ஒருத்தி. 'எல்லை மீறல்' என்றான் மற்றவன். 'அப்படியே ஓஃப்சைட் என்று விடுவோமே' என்றான் மூன்றாமவன். மணி அடித்த பின்னும் எவரும் எழவில்லை. எதிரி எனக் கருதப்பட்டது அன்று எமது வகுப்பறையில் விருந்தினராக வந்திருந்தது.

இதனால் எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிடலாம் என்பது கருத்தன்று. ணகர னகர வேறுபாடும் வேற்றுமை உருபும் உழைப்பின்றி வாரா. ஈர்ப்பு வாயில்வரை அழைத்து வரும். உள்ளே நடப்பது பிள்ளையின் முயற்சி. ஆனால் வாயிலுக்கு வாராத பிள்ளைக்கு எந்த இலக்கணத்தைக் கற்பிப்பது? ஊரிலிருக்கும் பாட்டியோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் தடுமாறாமற் பேசி, அவர் சிரிக்கும்படி ஒரு கதை சொல்லிய பிள்ளைக்குத் தமிழின் ஈர்ப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை எந்த ஆட்டத்திடலும் தரமாட்டாது. அதனை நோக்கியே எமது பாடங்கள் அமைதல் வேண்டும்.

பயிற்சி

1. ட்ராக்டர், சப்ட்ராக்சன், டிஸ்ட்ராக்சன் ஆகியவற்றிடையே உள்ள பொருளுறவை ஒரு பந்தியில் விளக்குக.

2. எதிர் என்னும் சொல் பகைமைப் பொருள் தராது வரும் ஐந்து தமிழ்ச் சொற்களை எழுதுக.

3. எதிரீர்ப்பு என்னும் சொல்லை நான்காம் வேற்றுமையோடு இயைத்து மூன்று வாக்கியங்கள் அமைக்க.

4. நீர் கலந்துகொள்ளும் இரு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் வந்தால் எதனைத் தேர்வீர்? எது முதல் ஈர்ப்பு, எது எதிரீர்ப்பு என்பதைக் காரணத்துடன் எழுதுக.

5. பெற்றார்க்கு: உம் பிள்ளை தமிழ் வகுப்பை விரும்புவதற்கு அல்லது விரும்பாமைக்குக் கூறும் காரணத்தை அப்பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குக. திருத்தாமல் எழுதுக.